யாரென்று கேளாத இடம்

தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வீட்டிற்கு வந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்றவர். இன்று கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் நல்ல பதவியில் இருக்கிறார். பழைய பள்ளிக் கதைகளைப் பேசிச் சிரித்தபின் சற்றே தயங்கினார். "ஐயா, உங்களிடம் சொல்லக் கூசுகிறது; ஆனாலும் சொல்கிறேன். பட்டணத்தில் பகட்டில்லாத மதுக்கடை ஒன்றைக் கண்டுபிடிப்பது அரிதாகிவிட்டது. நண்பர்கள் நால்வரும் வாரக் கடைசியில் அதைத்தான் தேடி அலைகிறோம்" என்றார்.

நான் மது அருந்தாதவன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த நாள்தொட்டுப் பள்ளிச் சபைகூடல்களில் கள்ளுண்ணாமையைப் பற்றி ஆண்டு தவறாமல் பேசி வருபவன். அன்றும் அறிவுரை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எனினும் முப்பத்திரண்டு வயது நிரம்பிய ஒருவர், மறைத்திருக்கக்கூடிய ஒன்றை மறைக்காமல் சொல்லும்போது, முதலில் அவரைக் கேட்பதே முறை எனக் கருதி அறிவுரையை விழுங்கினேன். "அங்கே எதைத் தேடுகிறாய், தம்பி?" என்றேன். சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்தவர், "நான் யாரென்று கேட்காத ஓர் இடம், ஐயா" என்றார்.

அவர் விடைபெற்றுச் சென்றபின்னும் அந்தச் சொல் போகவில்லை. யாரென்று கேளாத ஓர் இடத்தை மனிதன் நாடுவது குற்றமா? குற்றமன்று எனில், அந்த நாட்டம் எங்கே, எவ்வாறு நிறைவேறுதல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் ஆசிரியர்களும் மாணவர்களும் என்னுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரத்தின் ஒவ்வொரு வாயிலும் நம்மை வினவுகிறது. அலுவலகம் பதவியைக் கேட்கிறது. திருமண மண்டபம் நாம் வந்திறங்கிய வாகனத்தைக் கேட்கிறது. உயர்தர உணவகம் உடுப்பைக் கேட்கிறது. ஆண்டவன் சந்நிதியில்கூட நன்கொடையாளர்க்கு முன்வரிசை ஒதுக்கப்படுகிறது. இவ்வினாக்களுக்கு விடை சொல்லிச் சொல்லி, மனிதன் தன் முகத்தின்மேல் இன்னொரு முகத்தைப் பொருத்திக்கொள்கிறான். நான் பிறந்து வளர்ந்த கேரித் தீவில் வாழும் மா மெரி பழங்குடி மக்கள் மரத்தில் முகமூடி செதுக்குவதில் வல்லவர்கள். முன்னோர் ஆவியரைப் போற்றும் திருநாளில் அம்முகமூடிகளை அணிந்து ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். அணிந்தவர்க்கும் பார்ப்பவர்க்கும் அது முகமூடி என்பது தெரியும். நாமோ முகமூடியை முகமென்றே நம்பவைக்க முயல்கிறோம். கழற்றி வைப்பதற்கு ஓர் இடமும் நம்மிடம் இல்லை. எனவே, அத்தகைய இடத்தை நாடுவது சோம்பலும் அன்று, ஒழுக்கக்கேடும் அன்று. உழைத்தவன் நிழலை நாடுவது போன்ற இயற்கை நாட்டம் அது.

இந்த நாட்டம் எளியோர்க்கு மட்டும் உரியதன்று. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்கும் அது இருந்தது. 1884இல் தோன்றிய சிலாங்கூர் கிளப்பும், அன்று பத்து ரோடு எனப்பட்ட இன்றைய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் 1921இல் திறக்கப்பட்ட கொலிசியம் உணவகமும் அவர்களுடைய இளைப்பாறுமிடங்களாக விளங்கின. தோட்டத்தில் 'துரை' என்று அஞ்சி வணங்கப்பட்டவன், அங்கே தன்னைப் போன்ற பிற துரைகளுக்கு நடுவில் வெறும் மனிதனாகிக் கால்நீட்டி அமர்ந்தான். ஆளுவோனுக்கே துரைத்தனத்தைக் கழற்றி வைக்க ஓரிடம் தேவைப்பட்டது என்றால், நாள்முழுதும் ஆளப்படுவோனுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

அவனுக்குக் கிடைத்த இடம் கள்ளுக்கடை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டம் அமைத்த கேரி என்னும் ஆங்கிலேயரின் பெயரையே எங்கள் தீவு தாங்கி நிற்கிறது. லங்காட் ஆறும் கடலும் சூழ்ந்த அந்தத் தாழ்நிலத்தில், நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தின் கள்ளுக்கடை லயங்களுக்கும் செம்பனைக் காட்டுக்கும் இடையே இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இடுப்பளவு சுவர், கம்பிவலை அடித்த ஒரு சாளரம். அதன் வழியே காசை நீட்டினால் குவளை வெளிவரும். நாற்காலி கிடையாது. இரண்டு நீண்ட பலகைகள் உண்டு. அவற்றில் இடம் பிடிக்காதோர் குந்தி அமர்வர். வாயிலில் ஒரு பாட்டி சுண்டலும் வறுத்த கருவாடும் விற்பார். பெயர்ப் பலகை இல்லை, தேவையும் இல்லை.

கள்ளின் இயல்பே பகட்டுக்கு எதிரானது என்பதை இங்கே கருதிப் பார்க்கலாம். தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், வடியும் சாறு கலயத்தில் விழுந்தவுடனேயே காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்யத் தொடங்குகின்றன. காலையில் இனிப்பது மாலையில் கடுக்கிறது. ஓரிரு நாள்களில் காடியாகிப்போகிறது. ஆகவே அதைப் புட்டியில் அடைத்து நெடுங்காலம் வைத்து, 'இது இன்ன ஆண்டினது, இன்ன நாட்டினது' என்று விலையேற்றிப் பெருமை பேச இயலாது. இன்று இறக்கியது இன்றே தீர வேண்டும். அதை அருந்தியவர்களின் கூலியும் அத்தகையதுதான். பழமை பாராட்டவோ சேமித்து வைக்கவோ இடந்தராத வாழ்வுக்கு ஏற்ற பானமாக அது இருந்தது.

1979ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. என் தந்தையார் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. நீண்ட மூங்கிலின் நுனியில் வளைந்த கத்தியைக் கட்டி, அண்ணாந்து பார்த்தே ஆயுளைக் கழித்தவர். ஆனால் விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் மட்டும் அவர் அண்ணாந்து நான் கண்டதில்லை. கிராணியின் முன்னால் தலை தாழ்த்தி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கிராணி அவருடைய பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. எண்ணைச் சொல்லித்தான் அழைப்பார்.

ஒரு சம்பள நாள் மாலையில் அம்மா என்னைக் கள்ளுக்கடைக்கு அனுப்பினார். "அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வா" என்பது கட்டளை. இடுப்பளவுச் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே தந்தையார் பலகையின் நடுவில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். ஏதோ ஒரு கதையைக் கைவிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் பெரட்டுக்களத்தில் அவருக்கு முன்னும் பின்னும் நின்ற அதே மனிதர்கள்தாம். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதை முடிந்ததும் வெடித்துச் சிரித்தார்கள். என் தந்தையாருக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். வீட்டில் அவர் பத்துச் சொல்லுக்குமேல் பேசியதில்லை.

நான் அழைக்காமலே நெடுநேரம் நின்றேன். அந்தச் சிரிப்பைக் குலைக்க மனம் வரவில்லை. அதே வேளையில் அந்தச் சிரிப்பின்மேல் எனக்குக் கடுஞ்சினமும் இருந்தது. ஏனெனில், அம்மாதம் எனக்குப் புதுக் காலணி வாங்கித் தருவதாக அவர் வாக்களித்திருந்தார். வீடு திரும்பியதும் அம்மா சம்பளப் பணத்தை எண்ணினார். மளிகைக் கடைக் கடனுக்கே போதவில்லை. மறுநாள் கிழிந்த காலணியின் வாயைத் தைத்து, வெள்ளைச் சுண்ணம் பூசி, என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். மழை பெய்தது, பள்ளியை அடையுமுன் சுண்ணம் கரைந்துவிட்டது.

அந்த இடத்தைப் போற்றிப் பேசுவோர் மறந்துவிடும் ஓர் உண்மை இதில் அடங்கியிருக்கிறது. யாரென்று கேளாத அந்த இடம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. என் தாயாரும் அதே காட்டில்தான் உழைத்தார். உதிர்ந்த செம்பனைப் பழங்களைக் குனிந்து பொறுக்கியே அவருடைய முதுகு வளைந்தது. அவருக்குப் பெரட்டுக்களமும் உண்டு, அடுப்படியும் உண்டு, கடன்காரனும் உண்டு. பலகை மட்டும் இல்லை. தந்தையார் தம் கணக்கை மறந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில், மறக்கப்பட்ட கணக்குகள் அனைத்தும் தாயாரிடம் வந்து நின்றன. ஒருவரின் விடுதலைக்கு இன்னொருவர் விலை கொடுப்பாரானால், அந்த விடுதலை எவ்வளவு இனியதாயினும் நேர்மையானதாகாது.

நம் முன்னோர் இதன் இரு பக்கங்களையும் அறிந்திருந்தனர் என்பதற்கு இலக்கியமே சான்று. அதியமான் நெடுமானஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 235ஆவதாக உள்ளது. அரசனை இழந்த புலவர் அவனுடைய போர்வெற்றிகளை எண்ணி அழுவதற்குமுன், அவன் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட பாங்கை நினைந்து அழுகிறார். அங்கே அரசனும் இல்லை, பரிசிலரும் இல்லை. உடனமர்ந்து உண்ணும் இரு நண்பர்களே உள்ளனர். அப்பாடலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் கள்ளைப் பற்றிப் பேசக் கூசி விரைந்து கடந்துவிடுவதுண்டு. நானும் அவ்வாறு கடந்தவன்தான். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில், 93ஆவதாக அமைந்திருக்கிறது. அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். தோழமையைப் போலத் தோன்றிப் பொருளையும் மதிப்பையும் கவர்ந்துகொள்பவற்றின் வரிசையில் அவர் கள்ளை வைத்தார். ஔவையார் போற்றியது தோழமையை. வள்ளுவர் கடிந்தது தோழமையின் வேடம் பூண்ட கேட்டை. இருவரும் முரண்படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இவ்வேறுபாட்டை ஏட்டில் படிக்காமலே வாழ்வில் உணர்ந்தவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்கள். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை நம் மாணவர்கள் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். ஆர். எச். நாதன் முதலியோர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாக முன்னின்ற அப்போராட்டத்தில், கூலி உயர்வோடு வேறு பல கோரிக்கைகளும் எழுப்பப்பட்டன. அவற்றுள் இரண்டு என் நெஞ்சை விட்டு நீங்காதவை. ஒன்று, தோட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. மற்றொன்று, துரையோ அதிகாரியோ எதிரில் வரும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர்.

இவ்விரு கோரிக்கைகளையும் நெடுநாள் தனித்தனியாகவே எண்ணியிருந்தேன். ஒன்று ஒழுக்கம் பற்றியது, மற்றொன்று மானம் பற்றியது எனக் கருதினேன். தந்தையார் நிமிர்ந்து அமர்ந்திருந்த காட்சியை மீண்டும் எண்ணிப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்றே என்பது புரிந்தது. தகரக் கூரையின்கீழ் இரண்டு மணி நேரம் நிமிர்ந்திருக்க விட்டால், எஞ்சிய இருபத்திரண்டு மணி நேரமும் மனிதன் குனிந்தே இருப்பான் என்பது அன்றைய ஏற்பாடு. 'எங்களுக்கு அந்தக் கூரை வேண்டாம். நடுச்சாலையில், பட்டப்பகலில், மிதிவண்டியின்மேல் நிமிர்ந்து செல்லும் உரிமை வேண்டும்' என்பதே அவர்கள் கேட்டதன் பொருள். யாரென்று கேளாத ஒரு மூலையை அவர்கள் கேட்கவில்லை. யாராயிருந்தாலும் மதிக்கும் ஓர் உலகத்தையே கேட்டார்கள். போருக்குப்பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்ததும் இவ்வுணர்வின் தொடர்ச்சியே ஆகும்.

இவையெல்லாம் என் மாணவருக்கு எவ்வகையில் பொருந்தும்? அவர் கூலித் தொழிலாளி அல்லர். எவர்க்கும் அவர் வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. இதை அறியும்பொருட்டு, அடுத்த மாதம் அவர் அழைத்தபோது மறுக்காமல் உடன் சென்றேன். அவர் கண்டுபிடித்திருந்த கடை பிரிக்பீல்ட்சில் ஒரு பின்சந்தில் இருந்தது. செங்கற்சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வே ஊழியர்களால் வளர்ந்த அந்தப் பகுதி, 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபின் உருமாறியது. 2010இல் 'லிட்டில் இந்தியா' என்னும் அலங்கார வளைவுகளையும் பெற்றது. அந்த அலங்காரத்திற்குப் பின்னால் இன்னும் சில பழைய கோப்பிக் கடைகள் ஒளிந்திருக்கின்றன. பகலில் கோப்பி, மாலையில் பீர். நிறம் வெளுத்த நெகிழி நாற்காலிகள். சுவரில் ஒரு சீன நாள்காட்டி. சுழலும்போது முனகும் மின்விசிறி.

எனக்குக் கோப்பி, அவருக்குப் பீர் என்று அமர்ந்தோம். பக்கத்து மேசையில் முதியவர் ஒருவர் தனியே இருந்தார். இடம் நெருக்கமாக இருந்ததைக் கண்டு, தம் நாற்காலியைச் சற்று நகர்த்தி, "இப்படி வசதியா உட்காருங்க அண்ணே" என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. முப்பதாண்டுகளாக 'ஐயா' என்றும் 'சார்' என்றுமே அழைக்கப்பட்டுவந்த எனக்கு, முன்பின் அறியாத ஒருவர் வாயிலிருந்து வந்த 'அண்ணே' என்னும் சொல் நெஞ்சைத் தொட்டது. அப்போதுதான் என்னை நானே கவனித்தேன். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, முதுகு சாயாமல் நாற்காலியின் நுனியில் அமர்ந்த கோலம். அந்தக் கடையில் பகட்டோடு இருந்தவன் நான் ஒருவனே! சாய்ந்து அமர்ந்தேன். மாணவர் தேடுவது இன்னதென்று சொல்லாமலே எனக்கு விளங்கிற்று.

ஆயினும் அங்கேயே ஓர் ஐயமும் எழுந்தது. நன்கு உடுத்திய இளைஞர் சிலர் உள்ளே வந்தார்கள். அமர்வதற்குமுன் உதிர்ந்த சுவரையும் நாள்காட்டியையும் படம் பிடித்தார்கள். பிறகு அந்த முதியவரையும், அவரைக் கேளாமலே, படம் பிடித்தார்கள். முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிறிது நேரத்தில் எழுந்து சென்றுவிட்டார்.

எளிமையைத் தேடிச் செல்வது எளிமை ஆகுமா? வேறு போக்கிடம் இல்லாதவன் தன் இடத்தை எளியது என்று அழைப்பதில்லை. அவனுக்கு அது வெறும் இடம். எங்கும் செல்லக்கூடியவன் அங்கே வரும்போதுதான் அதற்கு 'எளிமை' என்னும் பெயர் கிடைக்கிறது. பெயர் கிடைத்தவுடன் அது விலைப்பொருளாகிறது. கோலாலம்பூரின் பழைய கடைவீதிகளில், கடைவீடுகளின் சுவர்ப் பூச்சு உதிர்ந்தபடியே இருக்குமாறு அரும்பாடுபட்டுக் காத்து, மங்கிய விளக்கேற்றி, ஒரு குவளைக்கு ஒரு தொழிலாளியின் நாட்கூலியை வாங்கும் மதுக்கடைகளை இன்று காணலாம். பகட்டின்மையே அங்கே பகட்டாகிவிட்டது. கூட்டம் பெருகினால் வாடகை உயரும். வாடகை உயர்ந்தால் விலை உயரும். விலை உயர்ந்தால் முதலில் வெளியேறுபவர் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தவரே. ஆதலின் இத்தகைய இடத்தைக் கண்டுபிடிப்பவர்மேல் ஒரு கடமை இருக்கிறது. நாம் வந்து சென்றபின்னும் அவ்விடம் அதற்குரியவர்களுக்கு எஞ்சியிருக்க வேண்டும். அங்கே பார்வையாளராக அமராமல், பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விடுபவராக அமர வேண்டும். இதை அன்றே மாணவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அந்தப் பெரியவரை இத்தனை மாதங்களாகப் பார்க்கிறேன், ஐயா, ஒருநாளும் பேசியதில்லை" என்று மெல்லச் சொன்னார்.

அவர் குறையை எடுத்துரைத்த எனக்கு என் குறை தெரியாமல் போகுமா? அதைத்தான் இறுதியாகச் சொல்ல விழைகிறேன்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள், தோட்டத்தோடு அதன் கள்ளுக்கடையும் போயிற்று. கள்ளை எதிர்த்த நாம் வெற்றி பெற்றதாக எண்ணினோம். ஆனால் பலகை போயிற்றே தவிரத் தாகம் போகவில்லை. மலிவான சம்சு வந்தது. அது கூடி அருந்தப்படுவதன்று, மறைந்து அருந்தப்படுவது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் நஞ்சு கலந்த மலிவு மதுவை அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பலர் வயிற்றுப் பிழைப்புக்காக அயல்நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். நாம் ஒரு காலத்தில் இருந்த இடத்தில் இன்று இருப்பவர்கள் அவர்கள்.

என் தந்தையார் முதுமையில் குடியை விட்டுவிட்டார். கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் என் தம்பியுடன் வாழ்ந்தார். மாலை வேளைகளில் தாழ்வாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நிற்பார். ஒருநாள், "என்னப்பா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். "குடிக்க ஆசை இல்லையப்பா. உட்கார ஓர் இடந்தான் இல்லை" என்றார். அன்று நான் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு விரைந்துகொண்டிருந்தேன். அந்த விழாவில் கள்ளுண்ணாமை பற்றிய பேச்சுப்போட்டியில் வென்ற மாணவனுக்குப் பரிசளித்தேன். தந்தையாரின் சொல்லுக்கு அன்று விடை சொல்லவில்லை. சொல்ல நினைத்த காலத்தில் அவர் இல்லை.

இன்று நாள்தோறும் பள்ளி விடும் நேரத்தில் வாயிலுக்கு வெளியே தந்தையர் சிலர் நிற்கக் காண்கிறேன். மோட்டார் சைக்கிளின்மேல் சாய்ந்தபடி, வெயிலில் காய்ந்தபடி நிற்பார்கள்; "உள்ளே வாருங்கள்" என்றால் சிரித்துக்கொண்டே மறுப்பார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கும் அவர்கள் வருவதில்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நானே பலமுறை மேடையில் குறைபட்டதுண்டு. பிரிக்பீல்ட்சிலிருந்து திரும்பியபின் அது உண்மையன்று என்று பட்டது. பள்ளி என்பது அவர்களை முதன்முதலாக 'நீ யார்? உன் மதிப்பெண் என்ன?' என்று கேட்ட இடம். இன்றும் கேட்கும் இடம். படிவத்தில் தொழிலைக் கேட்கிறோம், வருமானத்தைக் கேட்கிறோம். ஒரு காலத்தில் நான் கள்ளுக்கடைச் சுவருக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். இன்று அவர்கள் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள், உள்ளிருப்பவன் நான்.

ஆகவே சிறிய செயல் ஒன்றைச் செய்தேன். பள்ளி வாயிலின் உட்புறத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதன் நிழலில் இரண்டு நீண்ட பலகைகளைப் போடச் செய்தேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பெரிய குடுவையில் தேநீர் வைக்கிறோம். வருகைப் பதிவேடு இல்லை, உரை இல்லை, நன்கொடைப் பெட்டி இல்லை, தலைமையாசிரியருக்கென்று தனி நாற்காலி இல்லை. முதல் மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. தேநீரை ஆசிரியர்களே அருந்தித் தீர்த்தோம். நான்காம் வாரம் மழை வந்ததால் இருவர் ஒதுங்கினர். இப்போது எட்டு, பத்துப் பேர் அமர்கிறார்கள். தாய்மாரும் வருகிறார்கள், தொடக்கத்தில் ஓரமாக நின்றவர்கள், இப்பொழுது பலகையின் நடுவிலும் அமர்கிறார்கள். இதனால் எவரேனும் குடியை விட்டார் என்று நான் சொல்ல மாட்டேன்; அதை நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அது அந்த இடமாக இராது.

பழைய மாணவர் இன்னும் அந்தப் பின்சந்துக் கடைக்குச் செல்கிறார். அதை நான் கடியவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வந்தார். ஒரு மணி நேரம் மரத்தடியில் அமர்ந்து, பக்கத்திலிருந்த லாரி ஓட்டுநரிடம் மழையைப் பற்றியும் பந்தாட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! கள்ளுண்ணாமையைக் கற்பிப்பதை நாம் கைவிட வேண்டியதில்லை; என் தாயார் பூசிய சுண்ணம் கரைந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் 'அங்கே போகாதே' என்று சொல்லும் வாய், 'இங்கே வா' என்றும் சொல்லக் கடமைப்பட்டது. பெருநகரில் பகட்டில்லாத இடம் எங்கே என்று இளைஞர் ஒருவர் நம்மைக் கேட்டால், அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஆராய்வது இரண்டாவது வேலை. நம் வகுப்பறையும் நம் வீட்டுத் திண்ணையும் நம் சங்கக் கட்டடமும் உள்ளே வருபவரை முதலில் என்ன கேட்கின்றன என்று ஆராய்வதே முதல் வேலை.